பழைய பொருட்களில் எளிய கைவினை: தென்காசி, குற்றாலம் வட்டாரம்

பயன்பாடு முடிந்த வீட்டுப் பொருளைக் குப்பையில் எறியாமலும், ஆலைக்கு அனுப்பி உருக்காமலும், வீட்டிலேயே வெட்டி, தைத்து, பின்னி, பூசி வேறொரு பயனுள்ள பொருளாக மாற்றுவது மேல்சுழற்சி எனப்படுகிறது. ஆங்கிலத்தில் இதை அப்சைக்கிளிங் என்பர். 1994-இல் ரெய்னர் பில்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் அளித்த நேர்காணல் ஒன்று இச்சொல்லின் தொடக்கமாகக் காட்டப்படுகிறது. இடித்த கட்டடத்தின் நல்ல செங்கல்லையும் நொறுக்கித் தூளாக்கிவிட்டு அதை மறுசுழற்சி என்று அழைப்பதை அவர் குறைகூறினார். பழைய பொருளின் மதிப்பைக் குறைக்கும் வேலை அது, மதிப்பைக் கூட்டும் வேலையே தேவை என்பது அவர் வாதம்.

சொல் புதியது. பழக்கம் தென்காசிப் பக்கத்து வீடுகளுக்குப் புதியதல்ல. பழைய வேட்டி கிழிந்தால் விளக்குத் திரியாகும், சேலை தொட்டிலாகும், சிரட்டை அகப்பையாகும், செய்தித்தாள் கூழாகிச் சுளகின் இடைவெளியை அடைக்கும். இவற்றை யாரும் கைவினை என்று அழைத்ததில்லை, வீட்டு வேலை என்றே செய்தார்கள்.

இன்று கைப்பேசிக் காணொளிகளில் வரும் பாட்டில் பூச்சாடிகளும் ஐஸ் குச்சி அலங்காரங்களும் அழகாக இருந்தாலும், பல ஒரு மாதம் அலமாரியில் நின்றுவிட்டுக் குப்பைக்கே போகின்றன. அப்போது அவற்றின் மேல் பசையும் பெயின்ட்டும் மினுக்குத் தூளும் ஒட்டியிருப்பதால் பழைய இரும்புக் கடைக்காரரும் எடுப்பதில்லை. எனவே இவ்வட்டாரத்துக்கு ஏற்ற கைவினை எது என்று பார்க்கும்போது தோற்றத்தை விட வேறு சிலவற்றைக் கவனிக்க வேண்டியுள்ளது. செய்த பொருள் தினமும் கைக்குப் பயன்படுகிறதா, சாரல் காலத்து ஈரத்தைத் தாங்குகிறதா, கொசு முட்டையிட இடம் கொடுக்கிறதா, கடைசியில் மண்ணில் மக்கவோ கடையில் எடைக்குப் போகவோ முடிகிறதா என்பவை அவை.

சாரலும் வெயிலும்

தென்காசி 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், செங்கோட்டைக் கணவாய்க்கு நேர் எதிரே இருப்பதால் தென்மேற்குப் பருவக் காற்று இவ்வழியே நுழைகிறது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் அருவிகள் கொட்ட, தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி வரை சாரல் தூறும். இதுவே சீசன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆக, ஆண்டில் இரண்டு முறை ஈரம். கிழக்கே ஆலங்குளம், சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம் போகப்போக வறட்சி கூடும். குற்றாலத்தில் பூஞ்சை பிடிக்கும் அட்டைப் பெட்டி சங்கரன்கோவிலில் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

காகிதம், அட்டை, கூழ் ஆகியவற்றில் செய்யும் எதையும் தை மாதக் கடைசிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட வெயிலில் செய்து முடிக்க வேண்டும். துணி, சிரட்டை, தகரம், பிளாஸ்டிக் வேலைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வெளியூர்க் குறிப்பை அப்படியே பார்த்து ஆடியில் காகிதக் கூடை செய்பவர்களுக்கு நான்காம் நாளே கறுப்புப் புள்ளிகள் தெரியும்.

காகிதக் கூழ்

தமிழ்நாட்டுப் பெண்களின் பழைய கைவினைகளில் இது முக்கியமானது. இணையக் கைவினைப் பட்டியல்களில் இதற்கு ஏனோ இடம் கிடைப்பதில்லை. பழைய செய்தித்தாளையும் குழந்தைகள் எழுதி முடித்த நோட்டுகளையும் வெந்தயத்துடன் அரைத்துக் கூழாக்கி, அதைக் கொண்டு கூடை செய்வார்கள். பழைய ஓலைப் பெட்டிக்கும் சுளகுக்கும் பூசுவார்கள். வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் வழவழப்பு அதிலுள்ள மாவுச்சத்துப் போன்ற ஒரு பசைப்பொருளால் வருவது. அது காய்ந்ததும் காகித நார்களை இறுகப் பிணைக்கும். கடையில் வாங்கும் பசை தேவையில்லை.

செய்முறை எளிது, ஆனால் நாள் பிடிக்கும். தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு மூன்று நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நாற்றம் வரும். அரைக் கிலோ தாளுக்கு 100 கிராம் வெந்தயம் என்று எடுத்து முதல் நாள் இரவே தனியாக ஊறப்போட வேண்டும். மறுநாள் தாளைப் பிழிந்து, வெந்தயத்துடன் சேர்த்து ஆட்டுரலிலோ கிரைண்டரிலோ மைய அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைப்பதானால் சிறிது சிறிதாகப் போட்டு எடுப்பது நல்லது, இல்லையென்றால் மோட்டார் சூடேறிவிடும். அரைக்கும்போது ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளும் ஒரு பிடி வேப்பிலையும் சேர்ப்பது வழக்கம். இவையும் வெந்தயத்தின் கசப்பும் பூச்சியை அண்டவிடாது என்பது செய்பவர்களின் நம்பிக்கை. சோறு வடித்த கஞ்சியில் பிசைந்தாலும் கூழ் ஒட்டும். ஆனால் கஞ்சி மணத்துக்குக் கரப்பானும் எலியும் வருவதால் அதைத் தவிர்ப்பதே மேல்.

கூழ் சப்பாத்தி மாவை விடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். ஒரு பானையையோ பிளாஸ்டிக் வாளியையோ கவிழ்த்து, அதன் மேல் ஈரத்துணி ஒன்றைச் சுருக்கமில்லாமல் போர்த்தி, கூழைக் கையால் தட்டித் தட்டிக் கால் அங்குல கனத்துக்குப் பரப்ப வேண்டும். அடியிலும் விளிம்பிலும் கொஞ்சம் கனம் கூடினால் நல்லது. முதல் நாள் நிழல், பிறகு மூன்று நான்கு நாள் நல்ல வெயில். தட்டினால் மரத்தைத் தட்டுவது போன்ற ஓசை வரும்போது பானையை உருவிவிட்டு, உட்புறத்தையும் ஒரு நாள் வெயில் காட்ட வேண்டும். நேராக வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முதலில் காய்ந்து வெடிக்கும், பெரும்பாலோர் அவசரப்படும் இடம் இதுதான்.

பளபளப்பான வார இதழ் அட்டை, மெழுகு பூசிய டீக்கோப்பை, பில் தரும் வழவழப்பான தாள் ஆகியவை கூழாகாது. செய்தித்தாளும் எழுதிய நோட்டும்தான் சரி.

சுளகுக்குப் பூசுவதானால் கூழை இன்னும் தளர்வாக்கி மெல்லிய பூச்சாகத் தேய்த்தால் போதும். பீடி சுற்றும் வேலை நடக்கும் வீடுகள் இம்மாவட்டத்தில் ஏராளம். கடையநல்லூர், ஆலங்குளம், கடையம் பக்கம் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டுதான் நாள் முழுவதும் இலை மடிக்கிறார்கள். இடைவெளி அடைத்த சுளகில் தூள் கீழே இறங்காது. ஓட்டை விழுந்த பனையோலைக் கடகத்துக்கும் கொட்டானுக்கும் இதே பூச்சு மறுவாழ்வு கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை அவசியம். செய்தித்தாளின் அச்சு மை உணவோடு சேரக்கூடாது. உணவைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும் 2023-லும் அறிவுறுத்தியது. அரைத்த கூழிலும் அந்த மை இருக்கத்தான் செய்யும். எனவே செய்தித்தாள் கூழ்க் கூடையில் பூண்டு, வெங்காயம், தோல் உரிக்காத கடலை, நூல்கண்டு, பொம்மை போன்றவற்றை வைக்கலாம். மாவு, பலகாரம், அரிசி வேண்டாம். வேண்டுமானால் உள்ளே சுத்தமான வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளலாம்.

ஈரக் காலத்தில் கூடையில் பூஞ்சை வந்தால் துடைத்து வெயிலில் வைத்தால் சரியாகும். நாற்றம் போகாத அளவுக்குப் பிடித்துவிட்டால் கிழித்துத் தென்னை மூட்டில் போட்டுவிடலாம், மக்கிப்போகும். இதனால்தான் கூழ்க் கூடைக்கு எனாமல் பெயின்ட் அடிப்பது வீண் வேலை. அழகு வேண்டுமென்றால் காவியும் சுண்ணாம்பும் போதும்.

துணி

பழைய துணியில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது பருத்தியா, செயற்கை இழையா என்பது. ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினால் பருத்தி காகிதம் எரிவது போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகத் திரளும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடித்துணியும் விளக்குத் திரியும் பருத்தியில் மட்டுமே செய்ய வேண்டும். இப்போது வரும் பல வேட்டிகள் கலப்பு இழை. அவற்றில் திரி திரித்தால் புகையும் நாற்றமும் வரும். உருகும் துணியில் பிடித்துணி தைத்தால் சூட்டில் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பருத்திச் சேலை ஒரு நடுத்தர அளவுக் கால்மிதிக்குப் போதும். இரண்டு அங்குல அகலப் பட்டைகளாக நீளவாக்கில் கிழித்து, சடை பின்னுவது போல் மூன்றாகப் பின்னி, நடுவிலிருந்து சுருளாகச் சுற்றி ஊசிநூலால் பிணைத்துக்கொண்டே போக வேண்டும். குற்றாலம், செங்கோட்டை வீடுகளுக்கு மெலிதாகவே பின்னுவது நல்லது. கனமான மிதியடி ஆடி மாதத்தில் காயவே காயாது. நைலான், பாலியஸ்டர் சேலையில் பின்னினால் சீக்கிரம் காயும், ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து.

பைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. பிளாஸ்டிக் கைப்பைகளோடு, துணி போலவே தோன்றும் நெய்யாத பாலிபுரோப்பிலீன் பைகளும் அத்தடையில் அடங்கும். 2021 டிசம்பர் 23-இல் மாநில அரசு மீண்டும் மஞ்சப்பை என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நல்லதுதான், ஆனால் புதுத்துணி வாங்கித் தைத்து இலவசமாகக் கொடுக்கும் பைகளை விட, வீட்டிலுள்ள பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி அடியை மூடித் தைத்த பைதான் பத்து ஆண்டு உழைக்கும். கால்சட்டைத் துணி கனமானது, இரண்டு பக்கமும் ஏற்கனவே தையல் உள்ளது, இடுப்புப் பட்டியை வெட்டிக் கைப்பிடி ஆக்கலாம். தையல் எந்திரம் இல்லாதவர்களுக்குப் பழைய பனியன் சட்டை போதும். கைகளையும் கழுத்தையும் வெட்டிவிட்டு, அடிப்பகுதியைக் கீற்றுக் கீற்றாகக் கத்தரித்து முன்கீற்றையும் பின்கீற்றையும் முடிச்சுப் போட்டால் பத்து நிமிடத்தில் பை தயார். இதில் காய்கறி கொண்டுவரலாம், அரிசி கொட்டினால் முடிச்சு இடுக்கில் சிந்தும்.

குடைத்துணி

சாரல் ஊரில் ஆண்டுதோறும் வீட்டுக்கு ஒன்றிரண்டு குடைகளாவது முறியும். கம்பிதான் முறிகிறது, துணி நன்றாகவே இருக்கும். தண்ணீர் இறங்காத அந்தத் துணி, அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு பேருந்து ஏறுபவர்களுக்கு மிகத் தேவையான ஒன்று. தடை இருந்தும் அருவிக்கரையில் ஈரத்துணிக்காகப் பிளாஸ்டிக் பை தேடுவோர் குறைவில்லை. அந்தப் பைகள் பறந்து விழுவது சிற்றாற்றில். சிற்றாறு குற்றாலத்தில் இறங்கித் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தடையும் உள்ளது. அப்படியிருந்தும் ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த மூலைகள் பாறை இடுக்குகளில் கிடப்பதைக் காணலாம்.

குடைப் பை செய்ய ஊசி, நூல், பழைய ஷூ கயிறு போதும். எட்டுக் கம்பி நுனிகளிலும், கம்பிகளின் நடுவிலும் துணியைப் பிடித்திருக்கும் தையலைப் பிளேடால் அறுத்து, உச்சியில் உள்ள தொப்பியைக் கழற்றினால் துணி வட்டமாக விரியும். விளிம்பு ஏற்கனவே மடித்துத் தைக்கப்பட்டிருப்பதால் பிரியாது. எட்டு நுனி இருந்த இடங்களிலும், குடையை மடக்கிக் கட்டும் பட்டையிலிருந்து வெட்டிய துண்டுகளால் சிறு வளையங்களைத் தைத்து, கயிற்றை அவற்றின் வழியாகக் கோத்து இழுத்தால் சுருக்குப் பை ஆகிவிடும். நடுவில் உச்சிக் குச்சி இருந்த துளையை அப்படியே விட்டால் ஈரத்துணியின் தண்ணீர் அதன் வழியே வடியும். அருவியிலிருந்து அறைக்கு நடந்து வருபவருக்கு இது வசதி. பேருந்தில் போகிறவர்கள் துளையை மேலொட்டுத் துணி வைத்து அடைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்து இருக்கைக்காரர் நன்றி சொல்வார். வெள்ளிப் பூச்சு உள்ள குடைகளில் பூச்சு உதிரத் தொடங்கியிருந்தால் அது பைக்கு ஆகாது, துணியெல்லாம் வெண்தூள் ஒட்டும்.

சிரட்டை

தேங்காய் ஓட்டைத் தென்மாவட்டங்களில் சிரட்டை என்பர். கன்னியாகுமரி, கேரளப் பக்கம் ரப்பர்ப் பால் வடிக்கச் சிரட்டையைக் கட்டிவைப்பது நெடுநாள் வழக்கம், அத்தனை மழையிலும் வெயிலிலும் அது தாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஈரத்துக்குக் கூசாத இப்பொருள் குற்றாலத்துக்கு மிகப் பொருத்தம்.

ஒரு தேங்காயை உடைத்தால் இரண்டு பாதியும் ஒன்றல்ல. கண் உள்ள பாதியில் மூன்று கண்களில் ஒன்று மெலிதாக இருக்கும், ஆணியால் அழுத்தினாலே துளை விழும். செடி வைப்பதற்கு இந்தப் பாதிதான் சரி, துளைபோட எந்திரம் வேண்டாம். கண் இல்லாத பாதி அகப்பைக்கும் சிறு கிண்ணத்துக்கும் ஆகும். நாரைக் கத்தியால் சுரண்டி, உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் வழித்து, பிறகு உப்புத்தாளில் முதலில் கரடானதும் அடுத்து மெலிதானதுமாகத் தேய்த்தால் பழுப்பும் கறுப்புமான இயற்கை வரிகள் தெரியும். கடைசியில் தேங்காய் எண்ணெய் ஒரு துளி. வார்னிஷ் பூசினால் அதில் சாப்பாடு எடுக்க முடியாது. தேய்க்கும்போது பறக்கும் தூள் மூச்சுக்கு ஆகாது, மூக்கில் துணி கட்டிக்கொள்வது அவசியம்.

அகப்பைக்கு, சிரட்டையின் விளிம்பிலிருந்து அரை அங்குலம் கீழே எதிரெதிராக இரண்டு துளை போட்டு, சீவிய மூங்கில் குச்சியை இரண்டிலும் நுழைத்து இறுக்க வேண்டும். ஆணி, பசை எதுவும் வேண்டாம். குச்சி தண்ணீரில் ஊறியதும் தானே பிடித்துக்கொள்ளும். தேய்ந்துபோன அகப்பை அடுப்புக்கு நல்ல விறகு.

பாட்டில், டயர், டப்பா

மேல்சுழற்சி பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் சொல்லாமல் விடப்படும் பகுதி இது. 2012-இல் அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில், குறிப்பாகக் கடையநல்லூர் பக்கத்தில், டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவி உயிர்ச்சேதம் ஏற்பட்டது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தேங்கிய தெளிந்த நீரில், பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். பழைய டயர், சிரட்டை, தகர டப்பா, வெட்டிய பாட்டில் ஆகியவை அதற்கு மிகவும் பிடித்த இடங்கள். கைவினைப் பட்டியலும் கொசு ஒழிப்புப் பணியாளர் தேடும் பொருட்களின் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றே என்பது வேடிக்கையான உண்மை.

முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதங்கள் உலர்ந்தபடியே உயிரோடிருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். எனவே தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, சுவரை நார் கொண்டு தேய்க்க வேண்டும். சாரலும் வெயிலும் மாறி மாறி வரும் இவ்வூருக்கு இது மிகப் பொருந்தும்.

ஆகவே செடிக்கு வைக்கும் எந்தப் பாட்டிலுக்கும், சிரட்டைக்கும், டப்பாவுக்கும் அடியில் துளை கட்டாயம். ஒரு துளை மண்ணால் அடைந்துவிடும், மூன்று போட வேண்டும். கீழே தட்டு வைக்கக் கூடாது. பாட்டிலை இரண்டாக வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகச் செருகி, திரியால் கீழ்ப்பாதித் தண்ணீரை உறிஞ்சவைக்கும் தானியங்கிச் சாடி இணையத்தில் பிரபலம். அதன் கீழ்ப்பாதி கொசுவுக்கு ஒரு சிறு குளம். செய்தே ஆக வேண்டுமென்றால் இரு பாதிக்கும் இடையிலுள்ள சந்தைத் துணி சுற்றி முழுதாக அடைக்க வேண்டும். வெளியூர் போகும்போது செடிக்கு நீர் ஊற்ற, மூடியில் ஊசித்துளை போட்ட முழுப் பாட்டிலை நிரப்பித் தலைகீழாக மண்ணில் புதைப்பது எளிது, பாதுகாப்பும் கூட. பாட்டிலின் அடியில் ஒரு பொடித்துளை இருந்தால்தான் காற்றுப் புகுந்து நீர் இறங்கும்.

தண்ணீர் பாட்டில் 14 பொருள் தடைப் பட்டியலில் இல்லை. எனவே சீசனில் குற்றாலத்தில் அதிகம் சேர்வது அதுதான். ஆனால் அது எடைக்குப் போகும் பொருள். கசக்கிச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டால் காசு வரும், ஆலையில் நூலிழையாக மாறும். அதன் மேல் சணல் சுற்றிப் பசை தடவிப் பாசிமணி ஒட்டினால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வெயிலில் தொங்கும் பாட்டில் ஓரிரு ஆண்டில் நொறுங்கிச் சிறு சில்லுகளாக மண்ணில் உதிரும். அந்தச் சில்லை யாரும் பொறுக்க முடியாது. பாட்டிலில் கைவினை செய்வதானால் வெட்டலாம், துளைக்கலாம், கட்டலாம். ஒட்டவும் பூசவும் வேண்டாம், நிழலில் வைக்க வேண்டும்.

பால் கவர் இதற்கு நேர் மாறு. கழுவிக் காயவைத்தால் நல்ல பொருள். கத்தரித்த அன்றே உள்ளே அலசாவிட்டால் நாற்றம் போகாது. இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, ஒயர் கூடை பின்னும் அதே பின்னலில் பின்னினால் உறுதியான கூடை வரும். ஒயர் கூடை பின்னத் தெரிந்த பெண்கள் இப்பக்கம் தெருவுக்கு நான்கு பேராவது உண்டு, அவர்களுக்குத் தனியாகக் கற்றுத்தர ஏதுமில்லை.

டயர் வாளியைப் பற்றி ஒரு சொல். லாரி டயரின் ரப்பரை வெட்டி ஆணியடித்துச் செய்யும் வாளியும் மாட்டுத்தொட்டியும் கிணற்று மேட்டில் பல ஆண்டு அடிபட்டாலும் உடையாது. முழு டயரை அப்படியே படுக்கப் போட்டுச் செடி வைப்பதுதான் ஆபத்து, உள்வளைவில் நிற்கும் தண்ணீர் எப்படிக் கவிழ்த்தாலும் முழுதாக வராது.

எதை எடுக்கக் கூடாது

பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம் பக்கம் காய்கறி விளையும் ஊர்களில் பூச்சிமருந்து டப்பாக்கள் வரப்பில் கிடக்கும். உறுதியான மூடி, நல்ல பிளாஸ்டிக், கையில் எடுத்தால் எறிய மனம் வராது. அதைக் கழுவி எதற்குமே பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக்கின் சுவரில் ஊறிய மருந்து கழுவினால் போவதில்லை. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவில் துளையிட்டுப் பயனற்றதாக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. பழைய பெயின்ட் டப்பா, பேட்டரி, உடைந்த குழல்விளக்கு ஆகியவையும் குழந்தைகள் கைக்குப் போகக் கூடாதவை. குழல்விளக்கினுள் பாதரசம் உண்டு. பழைய குண்டு பல்பில் அது இல்லை, கண்ணாடி வெட்டும் என்பது மட்டுமே கவலை.

பிள்ளைகளின் கைவேலை

இரண்டு நுங்குக் கூந்தலை ஒரு குச்சியில் செருகிக் கவைக்கம்பால் தள்ளும் நுங்கு வண்டி, பனை உள்ள ஊர்ப் பிள்ளைகள் தாமே செய்துகொண்டது. தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் செய்வதும் அப்படியே. பொறியியல் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதையே வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்ட அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துக் கணித வடிவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய பொம்மைகளில் அலங்காரம் இருக்காது, ஒவ்வொன்றும் சுழலும், ஒலிக்கும், பறக்கும். பள்ளியில் கைவினை வகுப்புக்கு ஐஸ் குச்சியும் மினுக்குத் தாளும் புதிதாகக் கடையில் வாங்கிவரச் சொல்வதை விட இது எவ்வளவோ மேல். மேல்சுழற்சிக்காகப் புதுப்பொருள் வாங்குவது முரண் என்பது பலருக்கு உறைப்பதில்லை.

விற்பனை

மகளிர் சுய உதவிக் குழுக்கள் இத்தகைய பொருட்களைச் செய்து விற்க முயல்வதுண்டு. உள்ளதைச் சொல்வதானால், கூழ்க் கூடைக்குப் பிடிக்கும் ஐந்தாறு நாள் உழைப்புக்கு ஏற்ற விலை சந்தையில் கிடைப்பது கடினம். அது வீட்டுக்குச் செய்துகொள்ளும் பொருள். பூசிய சுளகுக்கு உள்ளூரில் தேவை உண்டு. சிரட்டை அகப்பையும் கிண்ணமும் சுற்றுலா ஊர்களில் விலைபோகும், ஆனால் தேய்ப்பதில் குறை இருந்தால் வாங்குபவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

குற்றாலத்தைப் பொறுத்தவரை அதிக வாய்ப்புள்ளது குடைத்துணிப் பையே. தேவைப்படுபவர்கள் சீசனில் அருவிக்கரையிலேயே நிற்கிறார்கள். மூலப்பொருள் குடை பழுதுபார்ப்பவர்களிடம் கிடைக்கும், அவர்கள் கம்பியை எடுத்துக்கொண்டு துணியைத் தள்ளிவிடுபவர்கள். ஐப்பசி மழையில் முறிந்த குடைகளைச் சேர்த்துவைத்துக் கோடையில் தைத்துவிட்டால் ஆனி முதல் வாரத்தில் பைகள் கையில் இருக்கும். கறுப்பை விடப் பூப்போட்ட குடைத்துணிப் பைகளைப் பெண்களும் பிள்ளைகளும் விரும்பி எடுப்பார்கள் என்பதால் சேர்க்கும்போதே நிறம் பிரித்துக் கட்டிவைப்பது நல்லது.